பழைய புல்லட்டுக்கு ஸ்மித்ஸ் மீட்டர் (வேகம் காட்டுற ஸ்பீடோமீட்டர்) தேடுறவங்க கவனத்துக்கு: உங்ககிட்ட இருக்குற பழசை யார்கிட்டயும் கழட்டிக் குடுத்துடாதீங்க

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வாரமா யோசிச்சிட்டு இன்னைக்குத்தான் உக்காந்து எழுதுறேன். ஒரிஜினல் மீட்டர்னு நம்பி ஏமாந்ததுல போன காசு 13,500 ரூபா. அதைக்கூட விடுங்க, சம்பாதிச்சுக்கலாம், அதோட சேந்து எங்க தாத்தா வண்டியோட மீட்டரும் போயிடுச்சு, அது தான் மனசுல கிடந்து அறுக்குது.

வண்டி 1959 மாடல் புல்லட் 350, ஜி2ன்னு சொல்லுவாங்களே அது. தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா இருந்தவரு, 1972ல செகண்ட் ஹேண்டா வாங்கி ரிட்டயர் ஆகுற வரைக்கும் லால்குடியிலேர்ந்து தினம் அதுல தான் வேலைக்குப் போய்ட்டு வந்தாரு. அவர் போனதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல மாட்டுக்கொட்டாயில வைக்கோலுக்கு நடுவுல நின்ன வண்டியை போன வருஷம் தான் நான் வெளிய எடுத்தேன். இஞ்சின் ஜாம், டேங்க் உள்ள பூரா துரு, ஆனா ஒரு பார்ட் கூட மாத்தாத வண்டி. திருவொற்றியூர்ல 1955ல புல்லட் ஆரம்பிச்ச புதுசுல இங்கிலாந்துலேர்ந்து பார்ட்ஸ் வந்து இங்க பூட்டின காலம், அதனால அந்தக் காலத்து வண்டியில ஸ்மித்ஸ் மீட்டர், அமால் கார்புரேட்டர், லூகாஸ் எலக்ட்ரிக்கல்னு எல்லாம் அந்த ஊரு சாமான். அதுக்குத்தான் இப்ப இவ்ளோ கிராக்கி, அந்தக் கிராக்கியில தான் இந்த ஏமாத்து வேலையும் நடக்குது.

மீட்டர் ஓடல, முள்ளு ஜீரோவுல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. கண்ணாடிக்குள்ள 41,763 மைல்னு காட்டுச்சு. கிலோமீட்டர் இல்ல, மைல். தாத்தா கடைசியா ஓட்டி நிறுத்தினப்ப இருந்த கணக்கு அது.

வாட்ஸ்அப் குரூப் மூலமா வெளியூர்ல ஒருத்தர் பழக்கமானாரு, பழைய வண்டி பார்ட்ஸ் வாங்கி விக்கிறவரு. பேரோ ஊரோ இங்க போடல, புகார் குடுத்திருக்கேன், அது போற போக்குல போகட்டும். முதல்ல அவர்கிட்ட டூல் பாக்ஸ் மூடியும் டைகர் லைட் (ஹெட்லைட்டுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற குட்டி லைட்) ரிம்மும் வாங்கினேன், ரெண்டுமே அச்சு அசல் ஒரிஜினல், விலையும் நியாயம், அதுலயே நான் விழுந்துட்டேன்னு இப்ப புரியுது. அப்புறம் ஒரு நாள் வண்டி போட்டோ கேட்டாரு, அனுப்பினேன். அனுப்பி அஞ்சு நிமிஷத்துல போன். "பிரதர், உங்க மீட்டர் உள்ள செத்துப் போச்சு, அதை ரிப்பேர் பண்ண இப்ப ஆளே கிடையாது, என்கிட்ட பெட்டி பிரிக்காத ஸ்மித்ஸ் ஒண்ணு இருக்கு, 16,000, உங்க பழசைக் குடுத்தீங்கன்னா 2,500 கழிச்சுக்கிறேன்"னாரு. வண்டியில நூத்துக்கணக்குல பார்ட் இருக்க அந்த செத்த மீட்டர் மேல மட்டும் அவருக்கு ஏன் அவ்ளோ ஆசைன்னு நான் ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. போட்டோவுல காட்டின மீட்டர் பளபளன்னு இருந்துச்சு, ஜிபே பண்ணிட்டு நம்மளதைக் கழட்டி துணியில சுத்தி பார்சல் போட்டுட்டேன்.

நாலு நாள்ல வந்துச்சு. டப்பா கூட பழைய மாதிரியே மஞ்சளா, ஓரம் கிழிஞ்சு இருந்துச்சு. கையில எடுத்ததும் லேசா இருந்தது, அப்பவும் எனக்குப் புரியல. ஹெட்லைட் டூம்ல, அதாவது மீட்டர் உக்கார்ற அந்த மூடியில, வச்சு முடுக்கப் போனா பழைய நட்டு புது போல்ட்டுல ஏறவே இல்ல, மரை வேற. அந்தக் காலத்து இங்கிலீஷ் மரையும் இப்ப வர்ற மில்லிமீட்டர் மரையும் ஒண்ணோட ஒண்ணு சேராதுல்ல. புது நட்டு வாங்கிப் போட்டு மாட்டினோம்.

வேலை பார்த்துக் குடுக்குறது எங்க ஏரியா மெக்கானிக் மாமா, நாப்பது வருஷமா புல்லட் மட்டுமே பாக்குறவரு. தெருவுல ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து வண்டியை நிறுத்தினவரு இறங்கவே இல்ல, மீட்டரையே பாத்துட்டு இருந்தாரு. "மாப்ள, முள்ளு வழுக்கிட்டுப் போவுதுடா. உங்க தாத்தா மீட்டரு அப்படிப் போவாது, தாவித் தாவிப் போவும்"னாரு. அப்புறம் தான் விளக்குனாரு. அந்தக் காலத்து ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டருக்குள்ள கடிகாரத்துல இருக்குற மாதிரி ஒரு பேலன்ஸ் சக்கரம் இருக்கும், கேபிள் எவ்ளோ சுத்துதுன்னு அது ஒரு நொடிக்குள்ள எண்ணி எண்ணி முள்ளை நகத்தும், அதனால முள்ளு 20லேர்ந்து 23, 23லேர்ந்து 27னு டக் டக்குன்னு படி ஏறும், காது குடுத்தா சத்தமும் கேக்கும். எனக்கு வந்தது காந்தத்துல ஓடுற இப்பத்திய மீட்டர், மேல ஸ்மித்ஸ்னு பிரிண்ட் பண்ணது. அதே ஐட்டம் ரெப்ளிகான்னு சொல்லியே ரெண்டாயிரம் சொச்சத்துக்குக் கிடைக்குதுன்னு அடுத்த வாரம் புதுப்பேட்டைக்குப் போனப்ப ஒரு கடையில காட்டினாங்க.

ரெப்ளிகாவை ரெப்ளிகான்னு சொல்லி வித்தா எனக்கு ஒரு கோவமும் இல்ல. நானே ரப்பர், கேபிள், சீட் கவர் எல்லாம் புதுசு தான் போட்டிருக்கேன், அப்படிப் பண்றவங்க இல்லைன்னா பாதி வண்டி ரோட்டுக்கே வராது. ஆனா ஒரிஜினல்னு சொல்லி அதைக் குடுத்துட்டு, நம்ம வீட்டு ஒரிஜினலை செத்துப் போச்சுன்னு சொல்லி வாங்கிட்டுப் போறது பச்சைத் துரோகம். மாமா சொல்றாரு, அந்த மீட்டருக்கு ஒண்ணுமே ஆயிருக்காதாம், வருஷக்கணக்கா நின்னதுல உள்ள எண்ணெய் காஞ்சு பசையாட்டம் பிடிச்சிருக்கும், பழைய கடிகாரம் பாக்குற நல்ல கைகிட்ட குடுத்துப் பிரிச்சு கழுவி எண்ணெய் விட்டிருந்தா ஓடியிருக்கும்னு. அதைக் கேட்டதுலேர்ந்து தான் எனக்கு இன்னும் வலிக்குது.

மீட்டர் வித்தவருக்குப் போன் பண்ணேன். முதல் நாள் "ஃபிட்டிங்ல தப்பு"ன்னாரு, ரெண்டாவது நாள் "கம்பெனியே அப்படித்தான் குடுக்குறான்"னாரு, என் பழசைத் திருப்பிக் குடுங்க போதும், காசு கூட வேணாம்னு கெஞ்சினதுக்கு "அது ஸ்கிராப்புல போச்சு"ன்னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டாரு. பில் கிடையாது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் தான் இருக்கு. சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு கூப்பிட்டுப் பதிஞ்சிருக்கேன், 1915 கன்சூமர் லைன்லயும் சொல்லியிருக்கேன், இன்னும் ஒண்ணும் நகரல. அவர் அனுப்பின போட்டோவைத் தேடிப் பாத்தா, வெளிநாட்டு ஏலத்துல எவரோ போட்ட படம், அதே மேஜை அதே துணி.

யாராவது குரோனோமெட்ரிக் மீட்டர் வாங்குறதா இருந்தா போட்டோவை நம்பாதீங்க. வீடியோ கேளுங்க, பின்னாடி கேபிள் மாட்டுற டிரைவை மெதுவா சுத்தச் சொல்லி முள்ளு தாவுதான்னு பாருங்க, ஒரு பேப்பர்ல உங்க பேரும் இன்னைய தேதியும் எழுதி பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, ஒரிஜினல் வச்சிருக்கிறவர் கோவப்பட மாட்டாரு. முன்னாடி வாங்கின ரெண்டு சாமான் நல்லா இருந்துச்சேன்னு மூணாவதுக்கு கண்ணை மூடிட்டு காசு அனுப்பாதீங்க. அமால் கார்புரேட்டருக்கும் இதே கதை தான், மோனோபிளாக் (அமால்ல ஒரு மாடல்) பாடி தேஞ்சு போச்சு, எக்ஸ்சேஞ்ச் பண்ணிக்கலாம்னு கேப்பாங்க. எக்ஸ்சேஞ்சுங்கிற வார்த்தை வந்தாலே உங்க சாமானை எடுத்து பீரோவுக்குள்ள வைங்க. தேஞ்சதா இருக்கட்டும், ஓட்டையா இருக்கட்டும், உங்ககிட்டயே கிடக்கட்டும்.

ஸ்கிராப்புல போச்சுன்னு அவர் சொன்னதை நான் நம்பல. எங்கயோ துடைச்சு பாலிஷ் போட்டு விலைக்கு வச்சிருப்பாரு. மைல் நம்பரை மாத்தியிருந்தாலும் மாத்தியிருப்பாங்க, ஆனா டயல்ல 60க்கும் 70க்கும் நடுவுல நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் கறை இருக்கும், குரோம் வளையத்துல கீழ்ப்பக்கம் இடது ஓரமா ஸ்பேனர் நழுவி விழுந்த ஒரு சின்ன நெளிவு இருக்கும், அது தாத்தா கையால ஆனது. அப்படி ஒண்ணு எந்த குரூப்புலயாவது விலைக்கு வந்தா தயவுசெஞ்சு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. சண்டைக்கு வரமாட்டேன், கேக்குற காசைக் குடுத்தே வாங்கிக்கிறேன்.