மூன்று ரிவ்யூவா, வாரம் அரைமணி நேரமா?

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டின் போக்கு எல்லோருக்கும் தெரியும். மூன்று நான்கு பேர் சேர்ந்த குழு, வழிகாட்ட ஒரு ஆசிரியர் (கைடு), ஜீரோத் ரிவ்யூவில் தலைப்பு, பிறகு வேலை எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்க்க மூன்று ரிவ்யூ, கடைசியில் வெளித் தேர்வாளர் முன்னால் வைவா என்ற வாய்மொழித் தேர்வு. மாணவனாக நானும் இதைக் கடந்து வந்தவன். இப்போது சனிக்கிழமைகளில் சில குழுக்களோடு வாரம் அரைமணி நேரம் உட்காருகிறேன்.

ரிவ்யூ முறையால் பயன் இல்லாமல் இல்லை. ஒரே கைடு ஐந்தாறு குழுக்களைச் சமாளிக்கலாம்; செய்ததை நான்கு பேர் முன் விளக்கிச் சொல்லவும் பழக்கம் வருகிறது. ஆனால் அங்கே பார்வைக்கு வருவது பிபிடி, அதாவது ஸ்லைடுகள்தான். இரண்டு ரிவ்யூக்களுக்கு இடையில் குழு எங்கே சிக்கி நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது. "என் லேப்டாப்பில் ஓடுகிறது சார்" என்ற பதில் வரும்போது காலம் கடந்திருக்கும்.

வாரச் சந்திப்பில் என்ன வெளிப்படும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிவு செய்யும் மென்பொருள் கிட் (Git). நால்வர் குழு ஒன்றின் கிட் வரலாற்றைத் திறந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே மாணவனின் பெயர். மற்ற மூவரும் வேலையே செய்யவில்லை என்றுதான் நினைத்தேன். மெதுவாகக் கேட்டபோது, தரவுத்தளப் பகுதி முழுவதையும் எழுதியவள் அதுவரை வாய் திறக்காத மாணவி என்று தெரிந்தது. வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பிவிடுவாளாம். அவன் தன் கணினியில் சேர்த்துக்கொள்வான். கிட் தெரியாது, கேட்கவும் கூச்சம். அன்றே தன் பெயரில் முதல் கமிட்டை, அதாவது கிட்டில் பதிவாகும் மாற்றத்தை, போட்டாள். அதைச் சேர்க்கும்போது, ஒரே இடத்தை இருவர் வேறு வேறு விதமாக மாற்றியிருந்ததால் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் என்ற முரண்பாடு வந்தது. இரண்டு பேரின் வரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, எதை வைப்பது என்று அவளே முடிவு செய்தாள். நான் விசைப்பலகையைத் தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் இந்த முறையில் மிகக் கடினம். வழிகாட்டி அவசரப்பட்டு நிரலை எழுதிக் கொடுத்துவிட்டால் ப்ராஜெக்ட் அவருடையதாகிவிடும்.

குறுகிய நேரத்தில் குழுவாக ஒரு தீர்வை உருவாக்கும் போட்டியான ஹேக்கத்தானையும் சிலர் மாற்றாகச் சொல்கிறார்கள். 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானின் மென்பொருள் பிரிவில் ஆறு பேர் 36 மணி நேரம் இடைவிடாமல் உழைக்கிறார்கள். அந்த வேகம் நல்லதுதான். ஆனால் போன மாதம் தானே எழுதிய நிரலைத் திரும்பப் படித்துத் திருத்தும் பாடம் அதில் கிடைக்காது.

என் தேர்வு வாரச் சந்திப்புதான். மதிப்பெண்ணுக்கு ரிவ்யூவும் இருக்கட்டும். ஆறு குழுக்களை வைத்திருக்கும் கைடுக்கு வாரம் அரைமணி நேரம் கட்டுப்படியாகாது என்பது உண்மை. அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்மணி நேரம் ஒதுக்கினாலே போதும். பிபிடி வேண்டாம், நிரல் ஓடுவதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வேறொருவர் கணினி முன் உட்காரட்டும்.