கேலக்ஸி ஏ06 வாங்கலாமா, ரெட்மி 14சி வாங்கலாமா?

டர்பனில் நம்மவர்கள் கூடும் இடத்தில் ‘அம்மாவுக்கு மலிவா ஒரு நல்ல போன் சொல்லுங்க’ என்று யாராவது கேட்டால், உடனே இரண்டு பெயர்கள் வரும். ஒன்று சாம்சங் கேலக்ஸி ஏ06. மற்றது சியோமியின் ரெட்மி 14சி. இரண்டும் 2024-இல் வந்தவை, இரண்டும் 4ஜி போன்கள், விலையும் அடுத்தடுத்துதான் நிற்கும். 2025 ஏப்ரலிலிருந்து, இறக்குமதி விலை 2,500 ரேண்டுக்குக் கீழே இருக்கும் ஸ்மார்ட்போன்களுக்குத் தென்னாப்பிரிக்க அரசு 9 சதவீத சொகுசு வரியை எடுத்துவிட்டது. அதனால் இந்த வரிசை போன்களைத்தான் கடைக்காரர்கள் முன்னால் அடுக்கி வைக்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஓடும் மூளையை வைத்து இந்த இரண்டுக்கும் தீர்ப்புச் சொல்லவே முடியாது. ஏ06-இல் இருப்பது மீடியாடெக் ஹீலியோ ஜி85. ரெட்மியில் இருப்பது ஹீலியோ ஜி81 அல்ட்ரா. பெயர் வேறாக இருந்தாலும் குடும்பம் ஒன்றுதான்: கணக்கு வேலை பார்க்கும் கருக்களில் (கோர்) ஏ75 என்ற பெரியவை இரண்டு, ஏ55 என்ற சின்னவை ஆறு, அதே மாலி ஜி52 கிராஃபிக்ஸ். ஜி85 வந்ததே 2020-இல். வாட்ஸ்அப், யூடியூப், வங்கி ஆப், ஊருக்கு வீடியோ கால் என்று இருப்பவருக்கு இரண்டும் ஓடும். பெரிய கேம் விளையாடும் பையனுக்கு இரண்டுமே திணறும். ஆகவே ‘எது வேகம்?’ என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, மற்றதைப் பார்ப்போம்.

வேகத்தில் உண்மையான வித்தியாசம் ரேமில்தான், அதாவது ஆப்புகள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. கடையில் மக்கள் ஏமாறுவதும் இங்கேதான். பெட்டியின் மேல் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்: ‘8 ஜிபி’. கொஞ்சம் குனிந்து கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படித்தால் ‘4 + 4’ என்று இருக்கும். முதல் 4 நிஜமான ரேம். இரண்டாவது 4, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. சாம்சங் அதை ரேம் பிளஸ் என்கிறது, சியோமி மெமரி எக்ஸ்டென்ஷன் என்கிறது. இந்த இரண்டு போனிலும் ஸ்டோரேஜ் இஎம்எம்சி என்ற பழைய, மெதுவான வகை. அதைக் கடன் வாங்கி ரேம் வேலை பார்க்க வைத்தால் போன் வேகமாகிவிடாது. பின்னால் திறந்து வைத்த ஆப் உடனே மூடாமல் இருக்கும், அவ்வளவுதான். கடைக்காரரிடம் ‘ஒரிஜினல் ரேம் எவ்வளவு?’ என்று நேராகவே கேளுங்கள்.

ஏ06 பெரும்பாலும் 4 ஜிபி ரேமோடுதான் கிடைக்கும். ஸ்டோரேஜ் 64, 128 என்று இரண்டு. 64 ஜிபி மாடலை விலை குறைவு என்பதற்காக எடுக்காதீர்கள். சிஸ்டமே அதில் பெரும் பங்கை விழுங்கிவிடும். மிச்சத்தில் குடும்பக் குழுவில் வரும் ‘காலை வணக்கம்’ வீடியோக்கள் நிரம்பிவிட்டால் ஒரு வருடத்தில் போன் ஊர்ந்து போகும். மெமரி கார்டு போடலாம், உண்மைதான். ஆனால் ஆப்புகள் போய் உட்காருவது உள் ஸ்டோரேஜில்தான். ரெட்மி 14சி 128-இலேயே தொடங்குகிறது, 8 ஜிபி ரேம், 256 ஜிபி வரை போகிறது. ஏ06-இன் 4/128 விலைக்கு ரெட்மியின் 8/256 கிடைக்கிறது என்றால், வெறும் கணக்கில் ரெட்மிதான் ஜெயிக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

திரைக்கு வருவோம். ரெட்மியில் 6.88 அங்குலம், ஏ06-இல் 6.7. திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதில் ரெட்மி 120 ஹெர்ட்ஸ், ஏ06 வெறும் 60. பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தள்ளிப் பார்த்தால் ரெட்மி வழுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரியும். ஆனால் ‘பெரிய திரை, அதனால் எழுத்து தெளிவாக இருக்கும்’ என்று நினைக்க வேண்டாம். ஏ06 720 × 1600, ரெட்மி 720 × 1640. ஏறக்குறைய அதே எண்ணிக்கைப் புள்ளிகளைக் கொஞ்சம் பெரிய இடத்தில் பரப்பியிருக்கிறார்கள். தெளிவு இரண்டிலும் ஒன்றுதான். நம் தமிழ் எழுத்தின் சுழிகள் சிறிய அளவில் இரண்டிலுமே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ஜனவரி, பிப்ரவரியில் தைப்பூசக் காவடி வரும்போது இங்கே உச்சி வெயில் காலம். அந்த வெயிலில் கோயில் வாசலில் நின்று திரையைப் பார்த்தால் இரண்டும் வெயிலில் மங்கும் எல்சிடி திரை என்பது உடனே புரிந்துவிடும். கையை மறைப்பாக வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அளவைப் பற்றி இன்னொன்று. ரெட்மியின் உயரம் கிட்டத்தட்ட 172 மில்லிமீட்டர், எடை 200 கிராமைத் தாண்டுகிறது. ஏ06 189 கிராம். வயதான ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஒரு கையால் பிடித்து, அதே கைக் கட்டைவிரலால் மேல் மூலையைத் தொடச் சொல்லுங்கள். போன் உள்ளங்கையிலிருந்து மெல்லச் சரிந்து, இன்னொரு கை தானாக ஓடி வந்து தாங்கும். பையில் இருக்கும்போது தெரியாத இந்த 20 கிராமும் அரை சென்டிமீட்டரும் படுக்கையில் படுத்துக்கொண்டு பேரனிடம் பேசும்போது தெரியும்.

பேட்டரி ரெட்மியில் 5,160 எம்ஏஎச், ஏ06-இல் 5,000. இந்த வித்தியாசம் பெயரளவுதான், இரண்டும் ஒரு நாள் தாராளமாக வரும். சார்ஜ் ஏறும் வேகம்தான் பார்க்க வேண்டியது. ஏ06 25 வாட் வாங்கும், ரெட்மி 18 வாட். 2022, 2023-இல் முறைவைத்துக் கரண்ட் எடுக்கும் லோட் ஷெடிங் நிலை 6 வரை போன நாட்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் வந்து மறுபடி போவதற்குள் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அப்போது கணக்கு. 2024-க்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் சில பகுதிகளில் மாலையில் கரண்ட் எடுப்பது நின்றபாடில்லை. அந்த மாதிரி இடத்தில் இருப்பவருக்கு 25 வாட் நிஜமான வசதி.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சாம்சங் பெட்டியில் சார்ஜர் வராது, வயர் மட்டும்தான். வீட்டில் கிடக்கும் பழைய சார்ஜரைச் செருகினால் அந்த 25 வாட் கிடைக்கவே கிடைக்காது. பிடி, பிபிஎஸ் என்ற இரண்டு வேக சார்ஜிங் முறைகளையும் ஆதரிக்கும் 25 வாட் அடாப்டர் வேண்டும். அதன் விலையையும் போன் விலையோடு கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ரெட்மி வாங்கும்போது பெட்டியின் பின்னால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். ஊரிலிருந்து சார்ஜர் கொண்டுவரச் சொல்லலாம் என்று சிலர் நினைப்பார்கள். சென்னையில் வாங்கிய மூன்று முள் பிளக் இங்கே சுவரில் இருக்கும் பெரிய மூன்று துளைக்குள் போகாது. இரண்டு முள் என்றால் எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகிக்கொள்ளலாம்.

கேமராவில் அதிகம் நிற்கத் தேவையில்லை. இரண்டிலும் பின்னால் 50 மெகாபிக்சல், மற்ற வளையங்கள் எல்லாம் அழகுக்கு. முன் கேமரா ரெட்மியில் 13, ஏ06-இல் 8. வீடியோ காலுக்கு ரெட்மி ஒரு படி மேல். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் இரண்டிலும் கிடையாது. அதனால் இருட்டிய பிறகு தீபாராதனையைப் படம் எடுக்கப் போனால், தூணில் கையைச் சாய்த்துக்கொண்டு எடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. விலைப்பட்டியலில் இது இருக்காது.

ரெட்மியின் ஹைப்பர்ஓஎஸ் சிஸ்டத்துக்குள்ளேயே விளம்பரம் வரும். ஃபைல் மேனேஜரைத் திறந்தால், தீம் மாற்றப் போனால், புது ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்து முடித்தால், ‘பரிந்துரை’ என்ற பெயரில் ஏதாவது ஒன்று எட்டிப் பார்க்கும். நமக்குப் பழகிவிடும், தள்ளிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் அம்மாவுக்கு? திரையில் எது போன் சொல்வது, எது விளம்பரம் சொல்வது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ‘உங்கள் போனில் குப்பை சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்’ என்று பச்சைப் பொத்தான் மின்னினால் அவர் நல்ல மனதோடு அதைத் தொடுவார். அதே போனில்தான் வங்கி ஆப்பும் இருக்கிறது. பென்ஷன் பணம், மகன் அனுப்பும் பணம் எல்லாம் அதில்தான். வாட்ஸ்அப்பில் வரும் மோசடி லிங்குகளே போதாதா, போனே இன்னொரு குழப்பம் தர வேண்டுமா? சாம்சங்கும் பரிசுத்தம் என்று சொல்ல மாட்டேன். நாம் கேட்காத ஆப்புகளை அதுவும் ஏற்றித்தான் அனுப்புகிறது. ஆனால் அவற்றை முதல் நாளே நீக்கியோ முடக்கியோ வைத்துவிட்டால், அதன் பிறகு பெரிதாகத் தொந்தரவு இல்லை.

ரெட்மியையே வாங்குவதென்றால், கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில், இந்த விளம்பரங்களைக் கொண்டுவரும் எம்எஸ்ஏ என்ற சிஸ்டம் ஆப்பின் அனுமதியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் ஃபைல் மேனேஜர், தீம்ஸ், செக்யூரிட்டி என்று ஒவ்வொரு ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளும் போய்ப் பரிந்துரைகளை அணைக்க வேண்டும். இதைச் செய்துவிட்டால் முக்கால்வாசி ஓய்ந்துவிடும். பெரிய அப்டேட் வந்த பிறகு இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு அப்டேட்டும் இதோடு சேர்ந்ததுதான். ஏ06-க்கு இரண்டு ஆண்ட்ராய்டு மேம்படுத்தல், நான்கு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் என்று சாம்சங் வெளியீட்டின்போதே சொல்லிவிட்டது. கணக்குப் பார்த்தால் 2028 வரை. சியோமி ஒவ்வொரு மாடலுக்கும் ஆதரவு முடியும் தேதியைத் தன் தளத்தில் பட்டியலாகப் போடுகிறது. பணம் கட்டுமுன் அதில் 14சி-யைத் தேடிப் பாருங்கள்.

5ஜி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2027 இறுதிக்குள் 2ஜி, 3ஜி சேவைகளை மூடுவது என்று 2024-இல் அரசு கொள்கை வகுத்தது. இந்த இரண்டு போனும் 4ஜி என்பதால் அதில் மாட்டாது. 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டே அழைப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் சிம் போட்டவுடன் பார்த்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, 8/256 நல்ல விலைக்குக் கிடைத்தால், ரெட்மி 14சி. அந்தக் காசுக்கு அவ்வளவு ரேமும் இடமும் சாம்சங் தராது, விளம்பரத்தை அவனே அணைத்துக்கொள்வான். அம்மா, அப்பா, அத்தை, தாத்தாவுக்கு ஏ06, 128 ஜிபி மாடல், கூடவே ஒரு நல்ல 25 வாட் அடாப்டர். 60 ஹெர்ட்ஸ் திரையைப் பற்றி அவர்கள் ஒரு நாளும் குறை சொல்லப் போவதில்லை. இன்னும் கொஞ்சம் பணம் போட முடியும் என்றால் கேலக்ஸி ஏ16-ஐயும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதற்கு ஆறு ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவதாக சாம்சங் சொல்லியிருக்கிறது, திரையும் எல்சிடியைவிட மேலான அமோலெட்.

வாங்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். டர்பன் கிரே ஸ்ட்ரீட்டிலோ ஜோகன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கிலோ விலை ஐந்நூறு ரேண்ட் குறைவாகச் சொன்னால், அது கிரே இம்போர்ட்டா என்று கேளுங்கள். நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் இறக்குமதியான சரக்கு என்றால், அதைத் தெளிவாக எழுதி வைத்தே விற்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது வந்தால் ரிப்பேரா, புதுசா, பணமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ‘நாங்க ரிப்பேர் மட்டும்தான் செய்வோம்’ என்று கடைக்காரர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். கடைகள் தரும் அந்த வெப்பத் தாள் ரசீது கோடைக்குள் வெளுத்துவிடும்.