மழை நாளில் ஆத்தங்குடி: குடும்பத்தோடு ஒரு டைல்ஸ் பட்டறை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் செட்டிநாட்டுக்கு விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு ஒரே கவலைதான்: மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஊரணிக் கரையில் நடக்க முடியாது, பழைய வீடுகள் நிறைந்த தெருக்களைச் சுற்றிப் பார்க்கவும் வழியிருக்காது. காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தங்கியிருப்பவர்களுக்கு, அத்தகைய நாளில் ஆத்தங்குடியில் தரைக்கற்களைக் கையால் வார்க்கும் டைல்ஸ் பட்டறைகளில் ஒன்றுக்குப் போய் வாருங்கள் என்றே சொல்வேன். சுற்றுவட்டாரத்து அரண்மனை வீடுகளைவிடப் பிள்ளைகளை அதிக நேரம் பிடித்து வைப்பது இதுதான்.

வேலை முழுவதும் கூரைக் கொட்டகைக்குள் நடப்பதால் வெளியே மழை பெய்தாலும் வார்ப்பு நிற்பதில்லை. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் தொழிலாளி, சதுரக் கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, பூ வடிவில் தகடுகளால் தடுக்கப்பட்ட அச்சை உள்ளே இறக்குகிறார். சிமெண்டும் நிறப்பொடியும் தண்ணீரும் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் அள்ளி, சிவப்பை ஒரு தடுப்பிலும் மஞ்சளை இன்னொன்றிலும் பச்சையை வேறொன்றிலும் தோசை மாவு வார்ப்பதுபோல் நிதானமாக ஊற்றுகிறார். அதன்பின் அச்சை நேராக மேலே தூக்கிவிடுகிறார். தடுப்பு போன பிறகும் ஒரு நிறம் மற்றொன்றோடு கலக்காமல் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் வாய் திறந்து பார்க்கும் இடம் இதுதான். எங்களோடு வந்த சிறுவன் விரலை நீட்டியபோது, “தொட்றாதப்பா தம்பி, கலைஞ்சிரும்” என்று கல் வார்த்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துக்கொண்டே அவன் கையை நகர்த்தினார். மேலே ஈரத்தை உறிஞ்சுவதற்காக உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை அப்பிச் சமன் செய்ததும் ஒரு கல் முடிந்துவிடுகிறது. இதற்குச் சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. இறுகிய பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, எடுத்து உலர்த்துவார்கள். கண்ணாடி பிரியும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்திருக்கும்.

மழைக்காலத்தில் கல் காய்வதற்கு நாளாகும் என்பதால், அடைமழை நாட்களில் சில பட்டறைகள் வேலையைக் குறைத்துக்கொள்வதுண்டு. ஆகவே காலையில் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. கைக்குழந்தையோடு செல்பவர்கள் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்: சிமெண்ட் தூசி பறக்கும், கண்ணாடிகள் தரையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், தரை ஈரமாக வழுக்கும். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது மிகப் பொருத்தமான இடம்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் சென்ற பட்டறையில் பார்வையாளர்களிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், தொழிலாளியை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள், நன்றி சொல்லிவிட்டு வண்டியேறுகிறார்கள். செய்த கல்லின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி பெறுபவருக்கு அந்த நேரம் நட்டம் அல்லவா? பட்டறைகள் ஒரு நியாயமான நுழைவுக் கட்டணம் வைத்து, அதைச் செய்பவர் கைக்கே சேர்ப்பித்தால், பிள்ளைகளும் ஒரு கல்லைத் தாமே ஊற்றிப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யலாம். அதுவரை, பார்த்தவர்கள் தாமாகவே ஏதேனும் கொடுத்துவிட்டு வருவதே முறை. ஒன்றிரண்டு கற்களை வாங்கி வருவதும் நல்லதுதான்; ஆனால் கனம் அதிகம், ஓரம் உடையக்கூடியது, எனவே துணியில் சுற்றிக் காரில் அடியில் வைக்க வேண்டும். வீட்டுத் தரைக்கு மொத்தமாக வாங்குபவர்கள், கைவேலை என்பதால் கல்லுக்குக் கல் நிறம் சிறிது மாறும் என்பதை ஏற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

அதே ஊரில் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடிய பெரிய வீடு ஒன்றும் இருக்கிறது. வண்ணம் தீட்டிய மரக் கூரைக்காக அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

மழை நாளின் மீதிப் பொழுதுக்கு, தங்கியிருக்கும் வீடே போதும். செட்டிநாட்டு வீடுகள் மழையை வெளியே தள்ளாமல் உள்ளே வரவேற்கும்படி கட்டப்பட்டவை. நான்கு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் நீர் முற்றத்தில் வந்து விழும், அதை அண்டாக்களில் பிடித்துக்கொள்வது இந்த வறண்ட மண்ணின் பழைய வழக்கம். வளவு எனப்படும், முற்றத்தைச் சுற்றிய பகுதியின் தூண்களுக்கிடையே உட்கார்ந்து பல்லாங்குழியோ தாயமோ ஆடிக்கொண்டு அதைப் பார்க்கலாம். தங்குமிடத்தில் கேட்டால் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் சமையற்கட்டிலேயே பிள்ளைகள் முன்னால் செய்து காட்டுவார்கள். முன்பதிவு செய்யும்போதே இதைச் சொல்லி வைத்துவிட வேண்டும், வந்த பிறகு கேட்டால் ஆள் இருக்கமாட்டார்கள்.

பட்டறையைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாமல் முதல் நாளிலேயே பார்த்துவிடுவது நல்லது. அதன்பின் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் தரையைக் குனிந்து பார்த்து, எந்த நிறத்தை முதலில் ஊற்றியிருப்பார்கள் என்று தமக்குள்ளேயே வாதாடத் தொடங்கிவிடுவார்கள்.