மேடை உரையா, சிறு வட்டமா: ஃபிரீலான்ஸ் பணியாளர் எங்கே அமர வேண்டும்?

தொழில் மாநாட்டுக்கு வரும் நிறுவன ஊழியருக்கு நுழைவுக் கட்டணம் அலுவலகச் செலவு. ஃபிரீலான்ஸ் பணியாளருக்கோ கட்டணத்தோடு அன்றைய வருமானமும் சேர்ந்து போகிறது. ஆகவே, பெரிய அரங்கில் மேடை உரை நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக அமர்ந்து, தங்களில் ஒருவரே வழிநடத்தப் பேசும் அமர்வும் நடந்தால், எதில் அமர்வது என்பதை யோசித்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சேலத்தில் இருந்தபடி ஜவ்வரிசி ஆலைகளுக்கும் வெள்ளிக் கொலுசு வியாபாரிகளுக்கும் பை, பெட்டி, லேபிள் வடிவமைத்துத் தரும் நான் இரண்டிலும் அமர்ந்து பார்த்துவிட்டு, இப்போது சிறு வட்டத்தையே தேர்ந்தெடுக்கிறேன்.

மேடை உரையின் நன்மைகள் பலரும் அறிந்தவை. சந்தை எந்தப் பக்கம் நகர்கிறது என்ற பொதுவான படம் கிடைக்கும். பெரிய வாடிக்கையாளர்களின் முகங்களைப் பார்க்கலாம். சிறு வட்டமும் புதிய ஏற்பாடு அன்று. பங்கேற்பவர்களே நிகழ்ச்சி நிரலை வகுக்கும் ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறையை ஹாரிசன் ஓவன் 1985-இல் நடத்திக் காட்டினார். 2005-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கிய ‘பார்கேம்ப்’ கூட்டங்கள் அதே வழியில் கணினித் துறையினரிடையே பரவின. தனக்குப் பயன் இல்லை என்று தோன்றினால் எழுந்து வேறு வட்டத்துக்குப் போய்விடலாம் என்ற ‘ஓப்பன் ஸ்பேஸ்’ விதி, பொழுதைப் பணமாக எண்ண வேண்டிய நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பொருந்துகிறது.

ஆனால் என் தேர்வைத் தீர்மானித்தது, அறையில் யார் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணம்தான். பெரிய அரங்கில் நமக்கு வேலை தருகிறவர்களும் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் எந்த வடிவமைப்பாளரும் தன் கட்டணத்தையோ, வராத பாக்கியையோ, அட்வான்ஸ் கேட்கும் முறையையோ வாய்விட்டுச் சொல்ல மாட்டார். வேலை செய்கிறவர்கள் மட்டுமே அமரும் வட்டத்தில் இவையே முதல் பேச்சாக வருகின்றன.

பாக்கி வசூலையே எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ‘உத்யம்’ என்னும் மத்திய அரசுத் தொழில் பதிவு பெற்ற குறு, சிறு தொழிலருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட கெடுவுக்குள், அதிகபட்சம் 45 நாளில், பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியாகச் சேரும். இத்துடன், கெடு தாண்டிய பில்லை வாடிக்கையாளர் உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் தன் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்று 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 43பி(எச்) விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவையும் மேடையில் ஒரு தணிக்கையாளர் தெளிவாகவே விளக்குவார்.

சட்டத்தைப் பயன்படுத்திய பிறகு வாடிக்கையாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதை மேடையில் கேட்க முடியாது. வட்டத்தில் ஒருவர், உத்யம் எண்ணையும் கெடு தேதியையும் பில்லில் போடுவதற்கு முன்பே கொட்டேஷனில் எழுதிவிடுவதாகவும், அதனால் நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவே அழைத்து நிலுவையைத் தீர்ப்பதாகவும் கூறினார். இன்னொருவர் அதே எண்ணைக் காட்டியபின் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர், பதிவு இல்லாத வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டதைச் சொன்னார். இரண்டையும் கேட்ட பிறகு, புதிய வாடிக்கையாளரிடம் முதல் நாளிலேயே எழுதிக் கொடுப்பது, பழையவரிடம் நேரில் பேசிவிட்டு அடுத்த வேலையிலிருந்து தொடங்குவது என்று நான் வகுத்துக்கொண்டேன். கூட்டு வட்டி கேட்டு வழக்காடும் நிலைக்கு நான் இதுவரை போனதில்லை என்பதால், அது எவ்வளவு தூரம் பலன் தரும் என்று அனுபவத்தில் சொல்ல இயலாது.

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் எல்லையைக் காக்க வேண்டும். அவரவர் வேலையை எப்படி மதிப்பிடுகிறார் என்று பகிர்வது வேறு. எல்லோரும் இனி இந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று கூடி முடிவெடுப்பது வேறு. பின்னது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் 3-ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டது; வழிநடத்துபவர் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு.

வரி விவகாரத்தில் மட்டும் மேடைக்கே என் வாக்கு. ஃபிரீலான்ஸ் செய்யும் எவரும் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று வட்டங்களில் உறுதியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அந்தச் சலுகை குறிப்பிட்ட சில தொழில்களுக்கே உரியது. ஆண்டு வரவுக்கான வரம்பு 50 லட்சம் ரூபாய், அதில் ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம். ஒரே குரல் பேசி முடிக்கும் வட்டத்தில் இத்தகைய தவறு திருத்தப்படாமலே போய்விடும். எனவே பணம் கட்டுவதற்கு முன், வழிநடத்துபவர் இன்றும் அதே வேலையைச் செய்து பிழைப்பவரா, விளம்பரதாரரின் விற்பனையாளர் வட்டத்தில் அமர்வாரா என்று விசாரித்துவிடுகிறேன்.

ஏற்காட்டில் இரவு தங்கி நடத்தும் கூட்டங்களைப் பற்றி என் அனுபவம் குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தவர்கள் பாதியில் கிளம்பிவிட மாட்டார்கள் என்பதால், பேச்சு இரவுச் சாப்பாட்டிலும் தொடரும் என்பது உண்மைதான். தங்கும் செலவுக்கு அது ஈடாகுமா என்பதை இன்னும் ஒன்றிரண்டு முறை போனால்தான் சொல்ல முடியும். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் அறை வாடகை ஏறிவிடுவதால், அந்த மாதத்துக் கூட்டம் என்றால் சேலத்திலேயே நடக்கும் ஒரு நாள் வட்டத்துக்குத்தான் பெயர் கொடுப்பேன்.