ஸ்டீம் கட்டணம் என்று மாணவர்களிடம் ஆளுக்கு நூறு டாலர் கேட்கிறார்களா? கொடுக்காதீர்கள்

போன வாரம் கல்லூரி ஜூனியர் ஒருவன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இதில் சேரலாமா?" என்று கேட்டான். 'ஆன்லைன் கேம் டெவலப்மென்ட் இன்டர்ன்ஷிப், மாணவர்களுக்கு மட்டும், வருமானத்தில் பங்கு.' படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழி, வாசகம்கூட மாறவில்லை. அவனுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் வரவில்லை. ஸ்டுடியோவின் பெயரை எழுதப் போவதில்லை. நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், செய்யும் வேலை மட்டும் மாறாது.

அப்போது நான் இரண்டாம் ஆண்டு. யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் மூன்று விளையாட்டுகளைத் தொடங்கி மூன்றையும் பாதியில் விட்டிருந்தேன். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நேர்காணல் நடந்தது. லீட், அதாவது டீம் தலைவர், என்று பேசியவர் அவ்வளவு அன்பாகப் பேசினார். நான்கு பேர் ஒரே ஆன்லைன் அறையில் சேர்ந்து ஆடுவதற்கான லாபி, அதாவது ஆட்டத்துக்கு முன் கூடும் பகுதி, ஒன்றை இரண்டு நாளில் எழுதித் தரச் சொன்னார். தூங்காமல் எழுதிக் கொடுத்தேன். "பிரமாதம் ப்ரோ, நீங்கள் டீமில் இருக்கிறீர்கள்" என்றார். நான் தேர்வு என்று நினைத்து எழுதிய அந்த லாபி, வரிக்கு வரி அவர்களுடைய விளையாட்டில் ஓடிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் பணப் பேச்சு வந்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெளியிட, அதை நடத்தும் வால்வ் நிறுவனம் கட்டணம் கேட்கிறதாம், அதனால் டீமில் இருக்கும் ஒவ்வொருவரும் நூறு டாலர் 'டெவலப்பர் பதிவு' கட்ட வேண்டுமாம், நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். ட்யூஷன் எடுத்துச் சேர்த்து வைத்திருந்த பணத்தை அனுப்பினேன். ஆறு பேர் இருந்தோம், ஆறு பேரும் கட்டினோம்.

உண்மை என்னவென்றால், ஸ்டீம் டைரக்ட் என்ற அந்த ஏற்பாடு 2017 ஜூனில் வந்தது. நூறு டாலர் என்பது ஒரு விளையாட்டுக்கான கட்டணம், ஆள் கணக்கு கிடையாது. விளையாட்டை வெளியிடுபவர் கட்ட வேண்டியது அது. விற்பனை ஆயிரம் டாலரைத் தாண்டினால் அந்த நூறு திரும்பவும் கிடைத்துவிடும். கூகுள் பிளேயிலும் இதே கதைதான்: ஒரு டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒருமுறை 25 டாலர், அதற்குள் எத்தனை பேர் வேலை செய்தாலும் சரி. இதெல்லாம் ரகசியம் ஒன்றுமில்லை, வால்வ், கூகுள் தளங்களிலேயே எழுதியிருக்கிறது. ஐந்து நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும். தேடவில்லை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாவது பக்கத்தில்தான் விஷயமே இருந்தது. பங்கு என்று சொன்னது நிகர லாபத்தில் 4 சதவீதம். ஸ்டீம் தன் பங்காக எடுக்கும் 30 சதவீதம் போக, சர்வர் வாடகை, விளம்பரம், 'நிர்வாகச் செலவு' எல்லாம் கழித்து மிஞ்சுவதில். அந்தக் கணக்கைப் போடுபவர்களும் அவர்களே. அப்புறம், நாங்கள் எழுதும் நிரல் முழுவதும் அவர்களுக்குச் சொந்தம், அதை வெளியே யாருக்கும் காட்டக் கூடாது. எவ்வளவு காலத்துக்கு என்று எங்கேயும் இல்லை.

ஐந்து மாதம் வேலை செய்தேன். பொய் சொல்லக் கூடாது, நிறையக் கற்றுக்கொண்டேன். அறையைத் திறந்தவர் இணைப்பு அறுந்தால் மற்ற மூன்று பேரும் வெளியே விழுந்துகொண்டிருந்தார்கள். சர்வர் என்று அவர்கள் சொன்னது உண்மையில் அந்த ஒருவருடைய கணினிதான். அதைச் சரிசெய்ய மட்டும் ஒரு மாதம் ஆனது. அதைவிட மோசமான ஒன்றும் கண்ணில் பட்டது. ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரின் கணினி "எனக்கு இத்தனை நாணயம்" என்று சொல்லும், மறுபக்கம் சரிபார்க்காமல் அப்படியே எழுதிக்கொள்ளும். ஆன்லைன் விளையாட்டில் இதைச் செய்வது பெட்டிச் சாவியை வாடிக்கையாளர் கையிலேயே கொடுப்பது மாதிரி. லீடிடம் சொன்னேன். "ரிலீஸ் முடியட்டும் ப்ரோ, அப்புறம் பார்க்கலாம்."

டீமில் படம் வரையும் அக்கா ஒருவர் இருந்தார். ஒருநாள் எல்லோரும் இருக்கும் சேனலிலேயே, "நாங்கள் கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். மறுநாள் அவர் பெயர் பட்டியலில் இல்லை. 'ஒத்துழைப்பு போதவில்லை' என்று லீட் ஒரு வரி போட்டார். நாங்கள் ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. பணம் போனதைவிட இன்றும் எனக்கு உறுத்துவது இதுதான்.

விளையாட்டு வெளிவந்தது. கிரெடிட்ஸில் எங்கள் ஐந்து பேரில் ஒருவர் பெயரும் இல்லை. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. இரவு பதினொன்றரை மணிக்கு, நிரலைச் சேமித்து வைத்திருந்த கிட்ஹப் தளத்தைத் திறந்தால் 404, 'பக்கம் இல்லை' என்ற செய்தி. அனுமதியை எடுத்துவிட்டால் தனியார் ரெப்போ, அதாவது நிரல் கிடங்கு, அப்படித்தான் காட்டும், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது போல. டிஸ்கார்டிலும் வெளியே தள்ளியிருந்தார்கள். என் மடிக்கணினியில் முழுப் பிரதி இருந்தது, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற கமிட் வரலாறு முழுக்க. ஆனால் காட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனே.

நான்காம் நாள் விளையாட்டின் லீடர்போர்டை, அதாவது தரவரிசைப் பட்டியலை, பார்த்தேன். முதலிடத்தில் இருந்தவருக்கு 2147483647 நாணயம். குறியுள்ள (பிளஸ், மைனஸ் இரண்டும் எழுதக்கூடிய) 32 பிட் முழு எண்ணில் அதற்கு மேல் எழுத முடியாது. நாணயத்தைச் சரிபார்க்காத அந்தத் திறந்த கதவை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். சிரித்தேன், கொஞ்சம் கேவலமான சந்தோஷம்தான்.

பிறகு வேறொரு இடத்தில் நேர்காணலுக்குப் போனபோது ஐந்து மாத வேலையைப் பற்றி வாயால்தான் சொல்ல முடிந்தது. அவர்கள் திறந்து ஆடிப் பார்த்தது, குறுகிய நேரத்தில் கேம் செய்யும் லுடம் டேர் ஜாம் நிகழ்வில், 72 மணி நேரத்தில், கோடோ என்ற மென்பொருளில் நான் செய்த ஒரு சின்ன விளையாட்டை. கோடோ இலவசம், விளையாட்டுகளை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் ஏற்றவும் காசு இல்லை. அசிங்கமான படங்கள், ஒரே ஒரு லெவல், ஆனால் தொடங்கி முடித்தது, என் பெயரில் இருந்தது. கூடவே கிட்ஹப்பில் என் சொந்தக் கணக்கில் இருந்த அந்தப் பழைய லாபி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எழுதியதால் அது மட்டும் தப்பித்தது.

ஜூனியருக்கு இதையெல்லாம் சொன்னேன். "ரசீது தருவார்களா என்று கேட்டுப் பார்க்கிறேன் அண்ணா" என்றான். கேட்டானாம். அரை மணி நேரத்தில் அவனை பிளாக் செய்துவிட்டார்கள். விளம்பரம் இன்னும் அப்படியே இருக்கிறது, பணம் கட்டக் கடைசி நாள் 'நாளை' என்று.