கேட் த்ரீ என்று ஸ்டிக்கர் ஒட்டி என்னிடம் விற்ற மல்டிமீட்டர்

போன மாதம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பிளக்கில் ஒரு வெடிச்சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் என் மச்சினன் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறான், கையில் வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் என் மல்டிமீட்டரின் கறுப்பு ஒயர் மட்டும். சிவப்பு ஒயரின் முனை ஊசி பாதி உருகிக் குமிழ் கட்டியிருந்தது. பிளக் பாயிண்டைச் சுற்றிப் பெயிண்ட் கருகிவிட்டது. கரண்ட் எக்கச்சக்கமாக ஓடினால் தானே அணையும் எம்சிபி ஸ்விட்ச் இறங்கிவிட்டதால் வீடே இருட்டு.

"மாமா, கரண்ட் வருதான்னுதான் பாத்தேன். வேற ஒண்ணும் பண்ணல."

அவன் சொன்னது உண்மைதான். டயலைச் சரியாக ஏசி 750 வோல்ட்டில்தான் வைத்திருந்தான். முந்தின நாள் ராத்திரி ஒரு எல்இடி ஸ்ட்ரிப் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்த்த நான், சிவப்பு ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றாமல் 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். ஆக, தப்பில் பாதி என்னுடையது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்தத் தப்பைச் செய்யாத ஆள் கிடையாது, இருபது வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தவரும் செய்வார். அதனால்தான் ஒழுங்கான மீட்டரில் அந்தத் துளைக்கு உள்ளே ஒரு ஃப்யூஸ் வைக்கிறார்கள். சாதாரணக் கண்ணாடி ஃப்யூஸ் போதாது. உள்ளே மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் வேண்டும். ஃப்யூஸ் போகும்போது கம்பி உருகிய இடத்தில் தீப்பொறி பாலம் போட்டுக்கொண்டு மின்சாரத்தை ஓடவிடும். மணல்தான் அதை அணைக்கும். மச்சினன் செய்ததற்கு நியாயமாக ஆகவேண்டிய செலவு ஒரு ஃப்யூஸ்தான்.

மீட்டரைக் கழற்றிப் பார்த்தேன். 10 ஆம்பியர் துளையிலிருந்து கறுப்பு ஒயர் மாட்டும் காமன் துளைக்கு, கொண்டை ஊசி மாதிரி வளைத்த ஒரு தடித்த கம்பி. அவ்வளவுதான். டயலை எங்கே திருப்பி வைத்தாலும் அந்தக் கம்பி நடுவில் அப்படியே இருக்கும். சிவப்பு ஒயர் அந்தத் துளையில் இருக்க, முனைகளை 230 வோல்ட் பிளக்கில் வைத்தால், ஒரு துண்டுக் கம்பியை இரண்டு ஓட்டையிலும் செருகுவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

ஆனால் நான் வாங்கும்போது துளைக்குப் பக்கத்தில் "ஃப்யூஸ்டு" என்றுதானே போட்டிருந்தது? சந்தேகப்பட்டு முன்பக்க ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். அடியில் பிளாஸ்டிக்கிலேயே அச்சு வார்த்த எழுத்து: "10 ஆம்பியர், அன்ஃப்யூஸ்டு", அதாவது ஃப்யூஸ் கிடையாது. மேல்மூலையில் "கேட் த்ரீ 1000 வோல்ட்" என்று பாதுகாப்புத் தரம் போட்டிருந்த இடத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள் பிளாஸ்டிக். இருநூறு ரூபாய்க்குப் பிளாட்பாரத்தில் கிடைக்கிற டிடி 830டி மாடலுக்குப் புதுச் சட்டை போட்டு என்னிடம் 850 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்.

வாங்கியது சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில். வேளச்சேரியிலிருந்து ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்து போய், மெனக்கெட்டு விசாரித்துத்தான் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம், இதே சரக்கு அங்கே ஒரு கடையில் மட்டும் இல்லை. "வீட்டு லைன்ல வைக்கணும்ணே, ஃப்யூஸ் இருக்கணும், கேட் த்ரீ இருக்கணும்" என்று தெளிவாகக் கேட்டேன். "கேட் த்ரீதான் சார், பாருங்க போட்டே இருக்கு" என்று விரலை வைத்துக் காட்டினார். போட்டே இருந்தது, வாஸ்தவம்தான்.

முதல் அபாய மணி அதற்கும் மூன்று வாரம் முன்பே அடித்தது, எனக்குத்தான் காது கேட்கவில்லை. வாங்கி வந்த அன்றே வீட்டு வோல்டேஜைப் பார்த்தேன்: 268. பதறிப்போய் டிவி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு ஈபிக்கு போன் செய்து கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். சாயங்காலம் லைன்மேன் வந்தார். அவருடைய கிளாம்ப் மீட்டரில் 236. என் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மொதல்ல இதுக்கு பேட்டரி மாத்துங்க." அவர் போன பிறகு புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன், 239 காட்டியது. டப்பாவோடு வந்தது செத்த பேட்டரி.

பேட்டரி இறங்கினால் அளவு குறையத்தானே வேண்டும், எப்படிக் கூடும் என்று அன்றைக்குக் குழம்பினேன். பூக்காரம்மா கையால் முழம் போடுவதை நினைத்துப் பாருங்கள். அதே சரம்தான், கை குட்டையானால் முழம் கூடுதலாக வரும். மீட்டருக்குள் ஒரு சின்ன வோல்டேஜை முழக்கோலாக வைத்துக்கொண்டுதான் வெளியே இருப்பதை அளக்கிறது. பேட்டரி ஒரு அளவுக்குக் கீழே போனதும் அந்த முழக்கோல் சுருங்கிவிடும். நல்ல மீட்டர் அதற்கு முன்பே திரையில் பேட்டரிப் படம் காட்டி எச்சரிக்கும். என்னுடையது வாயே திறக்கவில்லை. இதில் ஆபத்து என்னவென்றால், இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரியும் இதில் வைத்தால் முழுச் சார்ஜ் மாதிரி தெரியும்.

கூடவே வந்த தாளையும் அப்புறம்தான் படித்தேன். ஏசி அளவில் பிழை 1.2 சதவீதம், கூடவே 10 டிஜிட், அதாவது திரையில் கடைசி இலக்கம் பத்து வரை தள்ளிப்போகலாம். 750 வோல்ட் ரேஞ்சில் ஒரு டிஜிட் என்றால் ஒரு வோல்ட். அதாவது 236 இருக்கும் இடத்தில் 13 வோல்ட் ஏறியோ இறங்கியோ காட்டினாலும் அவர்கள் கணக்கில் அது சரியான மீட்டர்தான்.

கேட் என்ற சமாசாரத்தைப் பலபேர் வெறும் வோல்ட் கணக்கு என்று நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லைனில் எப்போதும் 230 மட்டும் ஓடுவதில்லை. எங்கோ இடி விழுந்தாலோ பெரிய மோட்டார் நின்றாலோ கண்சிமிட்டும் நேரத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட் எகிறும். அதை மீட்டர் தாங்குமா என்பதுதான் கேட். பிளக்கில் மாட்டும் சாமான்களுக்கு கேட் டூ, டிஸ்ட்ரிபியூஷன் போர்டுக்கு கேட் த்ரீ, வெளியிலிருந்து சர்வீஸ் ஒயர் வரும் இடத்துக்கு கேட் ஃபோர். கேட் த்ரீ 600 வோல்ட் என்று நிஜமாகவே சோதித்த மீட்டர் 6000 வோல்ட் எகிறலைத் தாங்கியிருக்க வேண்டும். அதற்காகத் துளைகளுக்குப் பின்னால் காசு மாதிரி வட்டமான பாதுகாப்பு உறுப்புகள் வைப்பார்கள், போர்டில் தடங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள். என் மீட்டரில் வட்டும் இல்லை, இடைவெளியும் இல்லை. பின்பக்கம் சிஇ முத்திரை மட்டும் ஜம்மென்று இருந்தது. அது தயாரித்தவரே போட்டுக்கொள்வது. யூஎல், டியூவி மாதிரி வெளியாள் சோதித்துக் கொடுக்கும் முத்திரையாக இருந்தால்தான் பேச்சு. அதிலும் போலி உண்டு என்பது வேறு கதை.

திரும்பக் கடைக்குப் போனேன். உருகிய ஊசியையும் உரித்த ஸ்டிக்கரையும் மேஜையில் வைத்தேன். அவர் ஊசியைப் பார்க்கவே இல்லை. "செக் பண்ணித்தான சார் வாங்கிட்டுப் போனீங்க? டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான்." ஸ்டிக்கரைக் காட்டியதும், "கம்பெனியிலேர்ந்தே அப்படித்தான் வருது" என்றார். என்னிடம் இருந்த பில் என்பது "மீட்டர் 1 - 850" என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய துண்டுச் சீட்டு. கடைப் பெயர் கூட அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டு என்ன சொல்வது? ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றால் விலை ஏறும் என்று அவர் அன்றைக்குச் சொன்னபோதே நான் வெளியே வந்திருக்க வேண்டும்.

அடுத்ததை வேறு கடையில், முழு பில்லோடு, 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். எந்த பிராண்ட் என்று கேட்பீர்கள், சொல்ல மாட்டேன். ஒரே பிராண்டில் பீங்கான் ஃப்யூஸ் போட்ட மாடலும் உண்டு, கண்ணாடி ஃப்யூஸ் மாடலும் உண்டு, பெயரை நம்பிப் பிரயோஜனமில்லை. பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். கழற்ற மறுத்த இரண்டு கடைகளில் வாங்கவில்லை. மூன்றாமவர் ஸ்க்ரூடிரைவரை என் கையிலேயே கொடுத்தார். உள்ளே ஆம்பியர் அளக்கும் இரண்டு துளைக்கும் தனித்தனிப் பீங்கான் ஃப்யூஸ், இரண்டு நீல வட்டு. கேட் எழுத்து துளைப் பக்கத்திலும் இருந்தது, இரண்டு ஒயர்க் கைப்பிடியிலும் இருந்தது. ஒயர்க் கைப்பிடியைக் கட்டாயம் பாருங்கள், மீட்டர் நல்லதாக இருந்தும் ஒயர் மட்டம் என்றால் சூடு கைக்குத்தான். சட்டைப்பையில் ஒரு புது ஏஏ பேட்டரியும் ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை இல்லாத ரகத்தில் ஒரு கிலோ ஓம் (1000 ஓம்) ரெசிஸ்டரும் கொண்டுபோயிருந்தேன், அங்கேயே வைத்துப் பார்த்தேன். 1.61 வோல்ட், 998 ஓம். போதும்.

இத்தனை சொன்னபிறகு ஒன்று. ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டு, டார்ச் பேட்டரி, ரெசிஸ்டர் என்று 12 வோல்ட்டுக்குள்ளேயே விளையாடும் பையன்களுக்கு அந்த இருநூறு ரூபாய் மீட்டர் மோசமில்லை. நானே இரண்டு வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஒரே நேரத்தில் வோல்ட்டும் ஆம்பியரும் பார்க்கலாம். இருநூறு ரூபாய்ச் சாமானை இருநூறு ரூபாய்ச் சாமான் என்று சொல்லி விற்றிருந்தால் எனக்கு அந்தக் கடைமேல் கோபமே வந்திருக்காது.

பழைய மீட்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை. வேறு ஒயர் மாட்டி, 10 ஆம்பியர் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டேன். முகப்பில் மார்க்கரால் "பேட்டரிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். ஆனாலும் மச்சினன் வருகிறான் என்று தெரிந்தால் இரண்டு மீட்டரும் பீரோவுக்குள் போய்விடும்.