பீச் டவலில் குழந்தைகளுக்கு நீச்சல் அங்கி: குன்னூரில் சில வருஷம் பயன்படுத்திப் பார்த்தது

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். நீச்சல் முடித்து வரும் பிள்ளைகள் மேலே போட்டுக்கொள்ள, பீச் டவலில் குல்லா வைத்த அங்கி தைத்துக் கொடுப்பது மலையில் இருக்கிறவர்களுக்கு ரொம்ப நல்ல யோசனை. ஆனால் துண்டு மெல்லியதாக இருக்க வேண்டும். கடையில் கையில் எடுத்ததுமே மெத்துமெத்தென்று இருக்கிற, விலையும் கூடுதலான அந்தக் கனத்த துண்டு இங்கே உதவாது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது குன்னூரில். பெண்ணும் பையனும் நீச்சல் பழகியது மேட்டுப்பாளையத்தில், என் நாத்தனார் வீட்டுக்குப் பக்கத்தில். கோடை லீவில் அத்தை வீட்டிலேயே தங்கிவிடுவார்கள், மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு போய் வருவார்கள். கீழே அந்த வெயிலில் குளித்துவிட்டு பத்து நிமிஷம் நின்றாலே உடம்பு காய்ந்துவிடும், அங்கே அங்கியே தேவையில்லை. திரும்பி வரும்போதுதான் தொல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டரை ஒட்டி இருக்கிறது, குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே குறையும், அப்படியென்றால் ஒரே பஸ் பயணத்தில் கிட்டத்தட்ட பத்து டிகிரி இறங்கிவிடுகிறது. கல்லாறு வரை ஒன்றும் தெரியாது. பர்லியார் தாண்டியதும் ஜன்னல் காற்றே வேறு மாதிரி அடிக்கும், தலை துவட்டாத பிள்ளை நடுங்க ஆரம்பித்துவிடும். சும்மா துண்டைப் போர்த்திவிட்டால் அடுத்த வளைவில் நழுவி பஸ் தரையில் கிடக்கும். தலையையும் தோளையும் சேர்த்து மூடுகிற, தானாக நிற்கிற ஒன்று வேண்டியிருந்தது. கடையில் ஆயத்தமாகக் கிடைத்ததில் பாதி மைக்ரோஃபைபர். சீக்கிரம் காயும், உண்மைதான், ஆனால் ஈர உடம்பில் ஒட்டிக்கொண்டு இழுக்கிறது என்று இரண்டு பேருமே கழற்றிப் போட்டுவிட்டார்கள். பருத்தி என்றால் மறுபேச்சு இல்லை.

துண்டு வாங்குவதற்கு ஈரோடு கனி மார்க்கெட்டும் கரூரும்தான் எனக்குக் கை கொடுத்தது. கரூரில் வெளிநாட்டுக்குப் போகிற வீட்டு உபயோகத் துணிகள் நிறைய நெய்கிறார்கள், அதில் மிஞ்சுகிற பீச் டவல் நல்ல தரமாகவே கிடைக்கும். வழக்கமான அளவு 75 செ.மீ.க்கு 150 செ.மீ. கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. மிச்ச சரக்கில் லேபிள் இருக்காது, கடைக்காரர் வாயால் சொல்கிற எண்ணையும் நம்ப முடியாது. தராசில் போட்டுப் பாருங்கள். 75க்கு 150 துண்டு 400 கிராம் அளவில் இருந்தால் அது சுமார் 350 ஜிஎஸ்எம், 600 கிராமைத் தாண்டினால் 550. காய்கறிக் கடைத் தராசு போதும், நான் பக்கத்துக் கடையில் கேட்டு நிறுத்தி வாங்கியிருக்கிறேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பெண்ணுக்குக் கனமானதிலும் பையனுக்கு மெல்லியதிலும் தைத்தேன், எது நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே. முதல் கோடையில் கனமானதுதான் எல்லாருக்கும் பிடித்தது. ஐப்பசி வந்ததும் கதை மாறிவிட்டது. ஊட்டிக்கு மேற்கே, கூடலூர்ப் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும், ஆனால் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வெயிலே எட்டிப் பார்க்காத நாட்கள் வரும், மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஞாயிறு இரவு துவைத்துப் போட்ட கனத்த அங்கி வெள்ளிக்கிழமை தொட்டாலும் குல்லா மடிப்பிலும் அக்குளிலும் சில்லென்று இருக்கும், கூடவே அந்த மக்கின வாடை. மெல்லியது இரண்டு நாளில் காய்ந்துவிடும். ஈரம் போகாத கனத்த துணியைப் பிள்ளைக்குப் போட்டால் குளிருக்கு அது பாதுகாப்பே இல்லை, குளிரைக் கூட்டத்தான் செய்யும். இப்போது கனத்தது கால்மிதிக்குப் பக்கத்தில் துடைப்புத் துணியாக இருக்கிறது, மெல்லியது பையன் வளர்ந்த பிறகு எதிர் வீட்டுக் குழந்தைக்குப் போய் இன்னும் உழைக்கிறது.

இன்னொன்று, ஒரு பக்கம் வெல்வெட் மாதிரி வழவழப்பாக, பெரிய படம் அச்சடித்து வருகிற துண்டுகள். டர்க்கி டவலில் இருக்கிற நூல் வளையங்களை ஒரு பக்கம் கத்தரித்துவிட்டால் அந்த வழவழப்பு வரும், ஆனால் அந்தப் பக்கம் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. அப்படிப்பட்டதில் தைத்தால் வளையம் உள்ள பக்கம் உடம்போடு படும்படி வையுங்கள், படம் வெளியே தெரியும், வேலையும் நடக்கும். சாயம் என்று பார்த்தால் நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த பட்டைபோட்ட துண்டுகள்தான் எங்களிடம் நின்றன. நீச்சல் குளத்துக் குளோரினில் அச்சுப் படங்கள் தோள் பக்கம் முதலில் வெளுத்தன.

சரி, வெட்டுவது. வெட்டும் முன் சுடுதண்ணீரில் ஒரு தடவை அலசிக் காயவைத்துவிடுங்கள், டர்க்கி கட்டாயம் சுருங்கும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே துண்டு போதும். நீளத்தில் ஒரு முனையிலிருந்து 28 செ.மீ. பட்டையை எடுத்துவிடுகிறேன், அது குல்லாவுக்கு. மீதி 122 செ.மீ.யைத் தோளில் மடித்தால் முன்னும் பின்னும் 61 செ.மீ. இறங்கும், முழங்காலுக்குச் சற்று மேலே வரும். குல்லாப் பட்டையில் துண்டின் மடித்துத் தைத்த முனை முகத்தைச் சுற்றி வரும்படி வைத்தால் அங்கே புதிதாகத் தைக்க வேண்டியதே இல்லை. பட்டை 75 செ.மீ. நீளம் இருக்கும், 64 போதும், இரண்டாக மடித்துப் பின்பக்கம் ஒரு தையல். மிச்சத்தில் மாட்டி வைக்க ஒரு காது. உடம்புப் பகுதியின் இரண்டு பக்கமும் துண்டின் கரைதானே, கீழிருந்து மேலே தைத்துக்கொண்டு போய் தோளிலிருந்து 18 செ.மீ. விட்டுவிட்டால் அந்தக் கரையே கை ஓரம் ஆகிவிடும். 75 செ.மீ. அகலம் அந்த வயதுக்கு அதிகம்தான், ஆனாலும் குறைக்காதீர்கள். உடை மாற்றத் தனி அறை கிடைக்காத இடத்தில் பிள்ளை அங்கிக்குள்ளேயே கையை இழுத்துக்கொண்டு ஈர உடையைக் கழற்றிவிடும். என் பெண் எட்டு வயதுக்கு மேல் அந்த ஒரு காரணத்துக்காகவே இதை விடவில்லை. கழுத்துக்கு அகலம் 18, முன்பக்க ஆழம் 9, பின்பக்கம் 4, முன்னால் 8 செ.மீ. பிளவு. குல்லாவின் அடி கொஞ்சம் அதிகமாக வந்தால் பின்பக்கம் சின்ன மடிப்பாகப் போட்டுக்கொள்ளலாம்.

டர்க்கியைக் கத்தரித்த இடத்தில் நூல் வளையங்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், வீடு முழுக்கப் பஞ்சு பறக்கும். அதனால் கழுத்தை வெட்டும் முன் வரைந்த கோட்டுக்கு ஒட்டி மெஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு, அதற்கு உள்பக்கமாகக் கத்தரி வைக்க வேண்டும். என்னிடம் இருப்பது கால்மிதி மெஷின், நேர்த் தையல் மட்டும், ஜிக்ஜாக், ஓவர்லாக் எதுவும் கிடையாது. வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் பழைய காட்டன் புடவையில் கிராஸ் பட்டி, அதாவது சாய்வாக வெட்டிய பட்டை, எடுத்து மூடிவிடுகிறேன். துணியையே மடித்து அடிக்கலாமே என்று கேட்பீர்கள், டர்க்கியை மடிக்க மடிக்கத் தடிமன் ஏறும், ஊசியும் திணறும், அந்த மடிப்புதான் கடைசியில் காயும்.

ஊசி விஷயத்தில் மார்க்கெட்டில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் சொன்னதைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். "அக்கா, டர்க்கிக்கு 16ஆம் நம்பர் ஊசி போடுங்க, தையலைக் கொஞ்சம் பெருசா வையுங்க, அவசரப்பட்டு இழுக்காதீங்க." தையல் நீளம் 3 மி.மீ.க்கு மேல் வைத்தால் ஓடுகிறது. வளையம் மெஷின் ஃபுட்டில் மாட்டி இழுத்தால் மேலே ஒரு மெல்லிய காகிதப் பட்டையை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடலாம். நூல் பாலியஸ்டர் நூலாகவே இருக்கட்டும், ஈரத்தில் மக்காது, குளோரினுக்கும் தாங்கும். ஒரு அங்கி முடிந்ததும் ஊசித் தட்டைக் கழற்றிப் பாருங்கள்: பாபின் கேஸைச் சுற்றி, பல் இடுக்கில், கையால் உருட்டி எடுக்கிற அளவுக்குப் பஞ்சு சேர்ந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தட்டி எடுத்து ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் அடுத்ததைத் தொட வேண்டாம்.

இத்தனை வருஷத்தில் எங்கே கிழிந்தது என்றால், எல்லா அங்கியிலும் ஒரே இடம்: பக்கத் தையல் முடிந்து கை ஆரம்பிக்கிற அந்த அக்குள் முனை. பிள்ளைகள் அவசரமாகக் கையை விடும்போது மொத்த இழுப்பும் அங்கேதான் விழுகிறது. தையல் பிரிவதில்லை, தையலுக்குப் பக்கத்தில் துணியே வாய் பிளக்கும். இப்போது அந்த முனையில் இரண்டு பக்கமும் சின்ன முக்கோணக் காட்டன் துண்டு வைத்து, முன்னும் பின்னுமாக நாலைந்து ஓட்டு கொடுத்துவிடுகிறேன். அதற்குப் பிறகு தைத்தவை எதுவும் அங்கே விடவில்லை.

குல்லாவுக்குக் கயிறு மட்டும் போடவே போடாதீர்கள், இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சறுக்கு மரத்தில், பஸ் கதவில் கயிறு மாட்டிப் பிள்ளைகளின் உயிரே போயிருக்கிறது. அமெரிக்காவில் 1996லேயே குழந்தைகள் மேலுடையின் குல்லா, கழுத்துப் பகுதிகளில் இழுகயிறு கூடாது என்று வழிகாட்டுதல் வந்துவிட்டது, ஐரோப்பாவிலும் இதற்கென்றே தரக் கட்டுப்பாடு இருக்கிறது, திருப்பூரில் ஏற்றுமதி வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்றில் குல்லா பின்னால் விழுகிறது என்றால் கழுத்துப் பிளவில் ஒரு டிச் பட்டன் வையுங்கள். வெல்க்ரோ வேண்டாம், ஒவ்வொரு சலவையிலும் டர்க்கியின் வளையங்களைப் பிடுங்கி எடுக்கும்.

துவைப்பதில் இரண்டு விஷயம். குளத்திலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், குளோரினோடு பையில் கிடந்தால் சாயமும் போகும், நூலும் இற்றுப்போகும். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள், அது நூலின் மேல் படிந்து தண்ணீர் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். மக்கின வாடை வந்துவிட்டால் சலவைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கிறேன். சிலர் வினிகர் ஊற்றுவார்கள், அதுவும் வாடையை எடுக்கும், ஆனால் பிளீச்சோடு சேர்த்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு வரும். காயப்போடும்போது ஒரு மூங்கில் குச்சியை ஒரு கையில் விட்டு மறு கை வழியாக எடுத்து இரண்டு முனையையும் கொடியில் தொங்கவிட்டால் அங்கி விரிந்து நிற்கும், உள்ளே காற்று ஓடும். கொடியில் மடித்துப் போடுவதைவிட இது எவ்வளவோ மேல், மழை மாதத்தில் முழுசாக ஒரு நாள் மிச்சம்.

கடலுக்கும் கொண்டுபோனோம், திருச்செந்தூருக்கு. கடலில் குளித்து, நாழிக்கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதற்குள் அங்கி இல்லாத பெரியவர்கள்தான் ஈரத்தோடு நின்றோம். வளையத்துக்குள் புகுந்த மணலை ஈரத்தில் தட்டினால் போகாது, நன்றாகக் காயவிட்டு உதறினால் மொத்தமும் கொட்டிவிடும்.

ஒன்பது, பத்து வயதுக்கு மேல் ஒரே துண்டு பற்றாது, நீளம் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும். முழுத் துண்டையும் உடம்புக்கு வைத்துக்கொண்டு, குல்லாவை அதே நிறத்தில் ஒரு கைத்துண்டில் எடுங்கள். அல்லது குல்லாவுக்கு மட்டும் ஈரிழைத் துண்டு போடுங்கள். பெண்ணின் இப்போதைய அங்கி அப்படித்தான், தலை ஈரத்தை நன்றாக எடுக்கிறது, நவம்பரிலும் முதலில் காய்வது அந்தக் குல்லாதான்.